பெரிய பெட்டியும் சின்னப் பெட்டியும்: ஒரு வெல்டிங் மெஷின் கம்பனி எப்படி வளர்கிறது, எப்படித் தேய்கிறது?

யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் பழைய வெல்டிங் கடை எதற்குள் எட்டிப் பார்த்தாலும் இரண்டு பிளாண்ட், அதாவது வெல்டிங் மெஷின், தெரியும். ஒன்று மூலையில் நிற்கும் பெரிய இரும்புப் பெட்டி. அடியில் சில்லு, மேலே சுற்றுகிற கைபிடி, பக்கத்தில் எண்ணெய் கசிந்த கறை. நகர்த்த இரண்டு பேர் வேண்டும். மற்றது மேசையில் கிடக்கும், தோளில் கொளுவிக்கொண்டு போகக்கூடிய சின்னப் பெட்டி. முன்பக்கத்தில் சிவப்பு எழுத்தில் அம்பியர் எண் மின்னும். ஒரு வீட்டுக்குக் கேற் பூட்டப் போகும்போது எடுத்துப்போவது இரண்டாவதைத்தான். முதலாவது பல கடைகளில் இப்போது கிறைண்டர் வைக்கிற மேசை.

அந்தப் பெரிய பெட்டியைச் செய்த கம்பனிகள் ஒரு காலத்தில் உலகத்தின் கப்பல்களையும் பாலங்களையும் ஒட்டியவை. அவற்றில் சில இன்று இல்லை. சிலவற்றின் பெயர் மட்டும் வேறு யாரோ செய்கிற பெட்டியில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒன்றிரண்டு முன்னைவிடப் பெரிதாகியிருக்கின்றன. நல்ல சாமான் செய்தால் கம்பனி நிலைக்கும் என்றுதான் நாங்கள் சாதாரணமாக நினைப்பது. வெல்டிங் மெஷின் தொழிலில் நல்ல சாமான் செய்தவர்களும் நன்றாக அடிபட்டார்கள். அது எப்படி என்று விளங்க வேண்டுமானால் முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெட்டியின் வேலை

வீட்டுக்கு வருகிற கரண்ட் 230 வோல்ட். வெல்டிங் குச்சிக்கும் இரும்புக்கும் இடையில் எரிகிற மின்வில்லுக்கு அவ்வளவு வோல்ட் தேவையில்லை. 20 முதல் 30 வரை போதும். ஆனால் அம்பியர் நிறைய வேண்டும். எங்கள் கடைகளில் சாதாரணமாகப் பாவிக்கிற 10 கேஜ் குச்சி, அதாவது 3.2 மில்லிமீற்றர் குச்சி, 90 இலிருந்து 130 அம்பியர் வரை கேட்கும். ஆக, வோல்டைக் குறைத்து அம்பியரைக் கூட்டுவதுதான் பிளாண்டின் வேலை. அதோடு, ஒட்டுகிறவரின் கை சற்று ஆடி வில் நீண்டாலும் குறுகினாலும் அம்பியர் பெரிதாக மாறாமல் பிடித்து வைத்திருக்கவும் வேண்டும். நல்ல பிளாண்டுக்கும் கூடாத பிளாண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கைக்காரர் முதலில் உணர்வது இந்த இரண்டாவது விசயத்தில்தான்.

இதைச் செய்ய ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வழிகள் வந்தன. முதலாவது, ஒரு மோட்டரோ எஞ்சினோ ஜெனரேற்றரைச் சுழற்றி ஒட்டுவதற்கான கரண்டைப் புதிதாக உண்டாக்குவது. இரண்டாவது, ட்ரான்ஸ்போமர்: அடுக்கிய இரும்புத் தகடுகளில் இரண்டு கம்பிச் சுற்றுகள், அவ்வளவுதான். சுழலும் பாகமே இல்லை. மூன்றாவது, இன்வேர்ட்டர்.

இன்வேர்ட்டர் ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது? எங்கள் மின்கம்பத்தில் வருகிற கரண்ட் செக்கனுக்கு 50 சுற்று அலைகிறது. ட்ரான்ஸ்போமர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு சக்தியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கடத்துகிறது. 50 தரத்தில் வேலை முடிய வேண்டுமானால் ஒவ்வொரு தரமும் பெரிய வாளியால் அள்ள வேண்டும். பல்லாயிரம் தரம் அள்ளலாம் என்றால் ஒரு சிரட்டை போதும். இன்வேர்ட்டர் முதலில் கரண்டை நேரோட்டமாக்கி, பிறகு ஐஜிபிடி போன்ற வேகமான மின்னணு ஆளிகளால் அதைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தரம் வெட்டி வெட்டி விடுகிறது. அந்த வேகத்தில் வேலை செய்யும் ட்ரான்ஸ்போமர் உள்ளங்கை அளவில் அடங்கிவிடும். 200 அம்பியர் தருகிற பழைய பெட்டி 60, 70 கிலோவுக்குக் குறையாது. அதே 200 அம்பியர் என்று எழுதிய இன்வேர்ட்டர் 10 கிலோவுக்குள் வந்துவிடுகிறது.

பாரம் மட்டும் குறையவில்லை. 100 அம்பியரை 24 வோல்டில் எரித்தால் வில்லுக்குப் போவது 2.4 கிலோவாட். ஆனால் பழைய ட்ரான்ஸ்போமர் குச்சி முட்டாதபோது 65 வோல்ட் அளவில் நிற்கும். அந்த 65 வோல்டுக்கும் 100 அம்பியருக்கும் உரிய பாரத்தை, அதாவது 6.5 கிலோவோல்ட் அம்பியரை, அது மின்கம்பியில் சுமத்துகிறது. 230 ஆல் பிரித்தால் ஏறக்குறைய 28 அம்பியர். நல்ல இன்வேர்ட்டர் அதே வேலையை 15 முதல் 20 அம்பியருக்குள் முடித்துவிடும். ஒழுங்கைக்குள் யாராவது பெரிய பிளாண்டில் ஒட்டத் தொடங்கினால் பக்கத்து வீடுகளின் பல்ப் மங்கி மங்கி எரிந்ததை அனுபவித்தவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். ஊருக்குக் கரண்ட் தருகிற ட்ரான்ஸ்போமரிலிருந்து வெகுதூரம் இழுத்த லைனின் கடைசி வீட்டில் கேற் ஒட்டப் போகிற ஒருவர் ஏன் சின்னப் பெட்டியை விரும்புகிறார் என்பதும் விளங்கும்.

எழுச்சி

1904 இல் சுவீடனின் கோதன்பர்க் துறைமுக நகரில் ஒஸ்கார் செல்பெர்க் என்ற பொறியியலாளர் ஈசாப் கம்பனியைத் தொடங்கினார். அந்தக் காலத்துக் கப்பல்களின் கொதிகலன்கள் ஆணி அறைந்து பொருத்தப்பட்டவை. ஆணி தளர்ந்து நீராவி கசிவதுதான் பெரிய தலையிடி. அதை அடைக்க அவர் மின்வில்லால் ஒட்டினார். வெறும் கம்பியால் ஒட்டினால் காற்றுப் பட்டு ஒட்டு பழுதாகிறது என்று கண்டு, கம்பிக்கு மேல் பூச்சுப் பூசினார். இன்று இரும்புக்கடையில் பக்கற்றாக விற்கிற குச்சிக்கு அதுதான் தொடக்கம்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் ஜோன் லிங்கன் 1895 இல் 200 டொலர் முதலோடு மின்மோட்டர் செய்யத் தொடங்கினார். 1911 இல் அவரது லிங்கன் எலெக்ட்ரிக் கம்பனி, ஒருவர் தனியாக வைத்து ஒட்டக்கூடிய, வோல்டை மாற்றக்கூடிய, இடம்விட்டு இடம் கொண்டுபோகக்கூடிய மெஷினை வெளியிட்டது. அதே மாநிலத்தில் ட்ரோய் என்ற ஊரில் ஹோபார்ட் என்பவரும் அவருடைய மகன்மாரும் 1917 இல் ஹோபார்ட் பிரதர்ஸ் கம்பனியைத் தொடங்கினார்கள். ஜெனரேற்றரும் பற்றரி சார்ஜரும் செய்த கைகள் 1925 இல் வெல்டிங் மெஷினும் செய்தன. 1930 இல் வெல்டிங் பழக்க ஒரு பள்ளிக்கூடமும் திறந்தார்கள். மெஷின் விற்க வேண்டுமானால் ஒட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்பது வியாபாரியின் கெட்டித்தனம்.

கவனித்தால், இவர்கள் எல்லாரும் ஏற்கெனவே கையில் இருந்த திறமையைக் கொண்டு வந்தவர்கள். செம்பு சுற்றத் தெரியும், இரும்பு வார்க்கத் தெரியும், மோட்டர் தெரியும். புதிய தொழில் ஒன்று பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. பழைய திறமைக்குப் புதிய வாடிக்கையாளர் கிடைக்கிறார்.

பிறகு யுத்தம் வந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா லிபர்ட்டி என்ற வகையில் 2,700 க்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்களைக் கட்டியது. ஆணி அறைந்து கட்டினால் காலம் போதாது. எனவே பெரும்பகுதி ஒட்டு. 1942 நவம்பரில் ரொபர்ட் பியரி என்ற கப்பலை ஐந்து நாளுக்குள் கட்டித் தண்ணீரில் இறக்கினார்கள். விளம்பரத்துக்காகச் செய்தது என்றாலும், ஆணியோடு அது நடந்திருக்காது. (1943 ஜனவரியில் ஸ்கெனக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் துறைமுகத்தில் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. உருக்கின் தரமும் ஒட்டின் தரமும் இரண்டுமே கேள்விக்குள்ளாகின. ஒட்டைச் சோதித்துப் பார்ப்பதே ஒரு தனித் தொழிலாக வளர்ந்ததற்கு இப்படியான உடைவுகளும் காரணம்.) இவ்வளவு ஒட்டுக்கு எத்தனை பிளாண்ட் வேண்டும், எத்தனை குச்சி வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். வெல்டிங் கம்பனிகள் வீங்கிப் பெருத்தது அந்த ஆண்டுகளில்தான்.

இதற்கிடையில் நடந்த ஒரு சின்னச் சம்பவத்தை வரலாறுகள் அடிக்குறிப்பாகத்தான் சொல்லும். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. 1929 இல் விஸ்கொன்சின் மாநிலத்து அப்பிள்டன் ஊரில் நீல்ஸ் மில்லர் என்பவர் கழிவு இரும்பை எடுத்து, கையாலே கம்பி சுற்றிச் சின்ன வெல்டிங் ட்ரான்ஸ்போமர்கள் செய்யத் தொடங்கினார். பெரிய கம்பனிகளின் ஜெனரேற்றர் மெஷின் விலை கூடியது, பாரமானது. அதைச் சுழற்ற வல்ல கரண்ட் கிராமத்துக்கு வரவில்லை. வந்த பலவீனமான கரண்டில் ஒரு விவசாயி தன் கலப்பையை ஒட்டிக்கொள்ள ஏதாவது வேண்டும். மில்லர் அதைச் செய்தார். கப்பல் கட்டுகிறவனுக்கு அது விளையாட்டுச் சாமான். இந்தக் கதை பிறகு இன்னொரு தரம் நடக்கப் போகிறது, அதனால்தான் சொல்லி வைக்கிறேன்.

தேய்வு எங்கே தொடங்குகிறது

முதல் காரணம் பலரும் எதிர்பாராதது: மெஷின் பழுதாகாமை. ட்ரான்ஸ்போமரில் தேய்வதற்கு எதுவும் இல்லை. எண்ணெய் மாற்றி, விசிறியைத் துடைத்து, ஹோல்டரையும் ஏர்த் கிளிப்பையும் மாற்றினால் தகப்பன் வாங்கியதை மகன் பாவிக்கலாம். அது வாங்கியவனுக்கு நல்லது. விற்றவனுக்கு? ஊரில் உள்ள கடைகள் எல்லாம் ஒவ்வொன்று வாங்கி முடிந்தால் பிறகு புதிய கடை திறந்தால்தான் வியாபாரம்.

இதைத் தாண்ட ஒரே வழி, எரிந்து தீர்கிற சாமானையும் தானே விற்பது. குச்சியைத்தான் சொல்கிறேன், பெரிய தொழிற்சாலைகளில் சுருள் கம்பி. மெஷின் ஒரு தரம், குச்சி ஒவ்வொரு கிழமையும். ஈசாப் தொடங்கியதே குச்சியில். லிங்கனும் குச்சி, கம்பியில் பெரிய ஆள். நெருக்கடி வந்தபோது மூச்சுவிட இடம் கொடுத்தது பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். ஒரு வெல்டிங் கம்பனியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது அதன் மெஷினை அல்ல, குச்சி விற்பனையை.

இரண்டாவது காரணம், வாடிக்கையாளர் மறைவது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஐரோப்பாவில் கப்பல் கட்டும் தளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. வேலை ஜப்பானுக்கும் பிறகு கொரியாவுக்கும் போனது. ஒட்டக் கப்பல் இல்லாவிட்டால் பிளாண்ட் யாருக்கு? அந்தச் சுருக்கத்தில் ஈசாப் செய்தது கொஞ்சம் இரக்கமில்லாத வேலை. 1980களில் போட்டிக் கம்பனிகளின் வெல்டிங் பிரிவுகளை வாங்கி, மிதமிஞ்சி இருந்த தொழிற்சாலைகளை மூடியது. சந்தை பெருகாதபோது போட்டியாளர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. தோற்ற கம்பனியின் தொழிலாளிக்கு அது அழிவு, ஈசாப்பின் கணக்கில் அது உயிர்பிழைப்பு. எங்கள் பக்கத்தில் இதை விளங்கிக்கொள்ளக் காங்கேசன்துறையை நினைத்தால் போதும். 1950 இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றபோது நின்றது சீமெந்து மட்டுமல்ல. ஒரு பெரிய தொழிற்சாலையைப் பராமரிக்கிற பாரமான ஒட்டுவேலையும் குடாநாட்டில் அதோடு போய்விட்டது. மிஞ்சியது கேற், கிறில், லாண்ட்மாஸ்டர் என்ற கைட்ராக்டரின் பெட்டி, வள்ளத்துச் சாமான்.

மூன்றாவது காரணம் தொழில்நுட்பம். 1977 இல் பின்லாந்தின் கெம்பி கம்பனி ஹிலார்க் 250 என்ற இன்வேர்ட்டர் மெஷினை வெளியிட்டது. வெல்டிங்குக்கு வந்த முதல் இன்வேர்ட்டர் அது. ஆரம்ப காலத்து இன்வேர்ட்டர்கள் விலை கூடியவை; தூசி பட்டாலும் வோல்ட் ஏறி இறங்கினாலும் அதற்குள் இருந்த மின்னணுப் பாகங்கள் தாங்கவில்லை. பாரமான பெட்டியில் 40 வருடம் கெட்டித்தனம் காட்டிய ஒரு கம்பனிக்கு இதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அந்த நேரத்தில் சிரிப்பில் நியாயமும் இருந்தது. மில்லரின் ட்ரான்ஸ்போமரைப் பார்த்துப் பெரியவர்கள் நினைத்ததும் இதேதான்.

ஆனால் இன்வேர்ட்டர் நல்லதாகிக்கொண்டே வந்தது. அப்போதுதான் உண்மையான அடி தெரிந்தது: பழைய கம்பனியின் சொத்து எல்லாம் செம்பிலும் இரும்பிலும் இருந்தது. தகடு வெட்டும் அச்சுகள், கம்பி சுற்றும் மெஷின்கள், சுற்றிச் சுற்றிக் கை பழகிய தொழிலாளர்கள். இன்வேர்ட்டருக்கு வேண்டியது மின்சுற்றுப் பலகையும் மென்பொருளும். அந்தப் பலகைக்கு வேண்டிய ஆளிகளைச் செய்பவர்கள் யாருக்கும் விற்பார்கள். காசு கொடுத்தால் வாங்கலாம், வாங்கிப் பொருத்தலாம். 50 வருட அனுபவம் முன்போல ஒரு மதிலாக நிற்கவில்லை. சீனாவில் ஏராளமான தொழிற்சாலைகள் எழுந்து, எங்கள் இரும்புக்கடைகள் வரை சின்னப் பெட்டியை மலிவாகக் கொண்டு வந்ததற்குக் காரணம் இதுதான்.

விழுந்தால் எப்படித் தெரியும்?

கம்பனி வீழ்ச்சி என்றால் கதவில் பூட்டுத் தொங்கும் என்று நினைப்போம். இந்தத் தொழிலில் அப்படி அரிதாகத்தான் நடக்கும். அமெரிக்காவின் இலினோய் ரூல் வேர்க்ஸ் என்ற பெரிய குழுமம் 1993 இல் மில்லரை வாங்கியது. 1996 இல் ஹோபார்ட் பிரதர்ஸையும் வாங்கியது. அதற்குப் பிறகு ஹோபார்ட் பெயர் போட்ட மெஷின்கள் மில்லரின் வீட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தன. அன்றைக்கு விவசாயிக்குச் சின்னப் பெட்டி செய்தவனின் கூரைக்கு அடியில், ஜெனரேற்றர் காலத்துப் பெரிய பெயர் ஒன்று. ட்ரோய் ஊரில் ஹோபார்ட் குச்சியும் கம்பியும் செய்கிற பிரிவு தொடர்ந்தது, பள்ளிக்கூடமும் தொடர்ந்தது. எது உயிர்பிழைத்தது என்று பாருங்கள்: எரிந்து தீர்கிற சாமானும், ஆளைப் பழக்குகிற இடமும்.

ஈசாப்பும் கைமாறியது. 1994 இல் பிரிட்டனின் சார்ட்டர், 2012 இல் அமெரிக்காவின் கொல்ஃபக்ஸ், 2022 இல் மறுபடி தனிக் கம்பனியாகப் பங்குச்சந்தையில். பெட்டியின் முன்பக்கத்தில் பெயர் மாறவே இல்லை.

லிங்கன் விற்கப்படவில்லை, ஆனால் அதற்கும் ஒரு கெட்ட காலம் இருந்தது. அந்தக் கம்பனி துண்டுக்கணக்குக் கூலிக்கும், 1934 முதல் கொடுத்து வந்த வருடாந்தப் போனசுக்கும் பெயர் பெற்றது. 1980களின் தொடக்கத்தில் விற்பனை படுத்தபோதும் தொழிலாளரை நிறுத்தவில்லை. சிலரை விற்பனைக்குப் பழக்கி, காரின் தகட்டு உடம்பைத் திருத்துகிற கராச்களுக்குச் சின்ன மெஷின் விற்க அனுப்பியது. இது எனக்குப் பிடித்த முடிவு. பிறகு அடுக்கடுக்காக வெளிநாட்டுக் கம்பனிகளை வாங்கி, அங்கேயும் அதே கூலி முறை தானாக வேலை செய்யும் என்று நம்பியது பிடிக்காத முடிவு. 1992 இல் அதன் வரலாற்றில் முதல் தடவையாக நட்டம். கடன் வாங்கித்தான் அந்த வருடப் போனசைக் கொடுத்தார்கள். வாங்கியவற்றில் சிலவற்றை மூடிய பிறகுதான் நிமிர்ந்தது. 2023 இல் அதன் விற்பனை 400 கோடி டொலரைத் தாண்டியது.

இதே கதை, எங்கள் ஒழுங்கையில்

பெரிய கம்பனிகளுக்கு நடந்தது சின்ன அளவில் எங்கள் வைண்டிங் கடைகளுக்கும், அதாவது மோட்டருக்கும் ட்ரான்ஸ்போமருக்கும் கம்பி சுற்றுகிற கடைகளுக்கும், நடந்தது. 1990க்குப் பிறகு, யுத்த காலத்தில், குடாநாட்டுக்குத் தேசிய மின்சாரம் இல்லை; எரிபொருளும் பற்றரியும் இரும்புச் சாமானும் தடைப்பட்டியலில். புதிய பிளாண்ட் கிடைக்காத காலத்தில், எரிந்துபோனதை அவிழ்த்து மறுபடி சுற்றத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. தகட்டடுக்கும் கம்பியும் இருந்தால் புதிதாகவே ஒன்றைக் கட்டிவிடுவார்கள்.

யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு ஏ9 வீதி வழியாகச் சாமான் தாராளமாக வந்தது. 2010 இல் இந்தியா அறிவித்த 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்குக் கிழக்குக்கு. இடிந்த வீடுகளை ஆட்களும் தங்கள் காசில் திருத்தினார்கள். வீடு என்றால் யன்னலுக்குக் கிறில், வாசலுக்குக் கேற். ஒட்டுவேலை பெருகியது, ஆனால் அந்த வேலைக்கு வந்த புதுப் பெடியள் கேட்டது மோட்டச்சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற பெட்டியை. சந்தை வளர்கிற அதே நேரத்தில் பழைய சாமான் செய்கிறவர் தேயலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2022 இல் ரூபாய் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. இறக்குமதிச் சாமான் விலை ஏற, செம்பின் விலையும் ஏறியது. மூலையில் கிடந்த பெரிய பெட்டிகளுக்குத் திடீரென்று ஆள் வந்தார்கள், ஒட்டுவதற்கல்ல. பழைய இரும்பு வாங்குகிறவர் முதலில் செய்வது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்ப்பது. சிவந்தால் செம்பு, வெளுத்தால் அலுமினியம். வெளுத்தால் விலை அரைவாசிக்கும் கீழே போய்விடும். செய்தபோது யாரும் கேட்காத கேள்வி, உடைக்கிறபோது வந்து நிற்கிறது.

சரி, இப்போது ஒரு சின்னப் பெட்டி வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கத்துப் பெயரை நம்பி விலை கொடுக்க வேண்டாம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார், பெட்டியைச் செய்தவர் யார் என்பது வேறு வேறாக இருக்கலாம். பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். 200 அம்பியர் என்பதற்குப் பக்கத்தில் 60 வீதம் என்று இருந்தால், 10 நிமிடத்தில் 6 நிமிடம் அந்த அம்பியரில் ஒட்டலாம், மிச்சம் ஆறவிட வேண்டும் என்று அர்த்தம். 20 வீதம் என்றால் 2 நிமிடம்தான். வீதமே எழுதாத பெட்டியின் அம்பியர் எண் வெறும் அலங்காரம். அப்புறம், பலகை எரிந்தால் மாற்றுப் பலகை கொடுப்பீர்களா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். வைண்டிங் கடைகள் இன்றைக்கும் இருக்கின்றன, தோட்டக் கிணற்றுத் தண்ணீர் மோட்டர்களைச் சுற்றிக்கொண்டு. எரிந்த இன்வேர்ட்டரை அங்கே கொண்டுபோனால், போன் திருத்துகிற கடைப் பக்கம் கையைக் காட்டுவார்கள்.